பொம்மைக்கு மூச்சுக் கொடுத்த பன்னிரண்டு பேர்

1. போன்

"மேடம், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பண்ணேன். ஒண்ணுகூட விடல."

கலியபெருமாள் போனில் முதலில் சொன்னது இதுதான். யாருக்கு, என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். தஞ்சாவூர் அலுவலகத்தில் அடுத்த பயிற்சிக்கான சார்ட்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி மகள் வினோதினி, ஒன்பது வயது, வாய்க்காலில் மூழ்கிவிட்டாள். வெளியே எடுத்ததும் இவர்தான் முதலுதவி செய்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் மேடம்," என்றார் மறுபடியும். பிறகு போனை வேறு யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள்.

கிராமங்களில் ஊர் மதிக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்து, குடிதண்ணீர், கழிப்பறை, பாம்புக்கடி, பூச்சிமருந்து, நீரில் மூழ்குதல் என்று ஊரின் ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டியதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இருபத்தெட்டு வருடம் செய்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் நல்ல அனுபவம் ஏதாவது சொல்லச் சொல்லுவார்கள். நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டியது இது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பீற்றிக்கொள்வதாகிவிடும்.

2. ஆள் பிடித்த கதை

ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

எங்கள் தொண்டு நிறுவனத் திட்டப்படி ஊருக்குப் பன்னிரண்டு பேர். படிவத்தில் 'சமுதாயத் தலைவர்கள்' என்று தலைப்பு இருக்கும். யார் தலைவர் என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடித்து, "உங்க வீட்ல யாருக்காவது திடீர்னு முடியாமப் போனா மொதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பேன். மூன்று பேர் வாயிலும் ஒரே பெயர் வந்தால் அவர்தான் முதல் ஆள். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்த ஊரில் மூன்று பேரும் சொன்ன பெயர் கலியபெருமாள். அந்த மூன்று பேரும் மேலத்தெருக்காரர்கள். காலனித் தெருவில் நான் யாரையும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கலியபெருமாள் ஊராட்சித் துணைத் தலைவர். அறுபதை நெருங்கிய வயது. ஆறு ஏக்கர் நெல் விவசாயம், பழைய மொபெட் ஒன்று, வாயில் எப்போதும் வெற்றிலை. பேசும்போது இடது கையால் வாயைப் பாதி மூடிக்கொள்ளுவார். நல்ல மனுஷர். அவர் வருகிறார் என்றதும் மற்றப் பதினொரு பேரும் தாமாகவே வந்துவிட்டார்கள். மகளிர் குழுத் தலைவிகள் நாலு பேர், வார்டு உறுப்பினர்கள், கோயில் தர்மகர்த்தா, ரேஷன் கடைக்காரர் என்று சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது.

பட்டியலில் இல்லாத ஒருவர் இருந்தார். அஞ்சலை. ஊராட்சியில் தூய்மைக் காவலர், காலனித் தெருவைச் சேர்ந்தவர். சமுதாயக் கூடத்தைத் திறப்பது, பெருக்குவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர். மூன்று நாள் பயிற்சியில் எங்களுக்கு முன்னால் வந்து எங்களுக்குப் பின்னால் போனவர் அவர் ஒருவர்தான். சுவரோரம் நின்றே எல்லாவற்றையும் கேட்டார். உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் டீச்சரம்மா," என்றார். நானும் விட்டுவிட்டேன்.

3. பொம்மை

மூன்றாம் நாள் மதியம் பொம்மை வந்தது. சிபிஆர், அதாவது மூச்சு நின்றவரை மீட்கிற முதலுதவி, பழகுவதற்கான ரப்பர் பொம்மை. தலையும் நெஞ்சும் மட்டும் இருக்கும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. மாவட்டம் முழுக்கச் சுற்றுகிற ஒரே பொம்மை அது. பையைத் திறந்து நடுக்கூடத்தில் படுக்க வைத்ததும் தர்மகர்த்தா எழுந்து வந்து, தலை வடக்கே இருக்கிறது என்று திருப்பி வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் மறுபடி வடக்கே திருப்பவில்லை.

தண்ணீரில் மூழ்கியவருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். தலைகீழாகத் தூக்கிச் சுற்றக் கூடாது, வயிற்றை அமுக்கக் கூடாது. தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். உள்ளே காற்றுப் போனால் நெஞ்சு எழும்பும். எழும்பவில்லை என்றால் நீங்கள் ஊதியது ஊரில் அடிக்கிற காற்றோடு காற்று. பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அமுக்கு, மறுபடி ஊதல். பொம்மைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். சரியாக ஊதினால் பொம்மையின் நெஞ்சும் எழும்பும்.

முதல் ஆளாகக் கலியபெருமாளைக் கூப்பிட்டேன். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மண்டி போட்டார். பொம்மையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன ஊர்ல எத்தன பேரு வாய் வெச்சது மேடம் இது?"

"ஒவ்வொருத்தர் முடிச்சதும் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிடுவோம் சார். அதுக்குத்தான் அஞ்சலை பஞ்சோட நிக்கிறாங்க."

"தொடச்சாலும் எச்சி எச்சிதானே?"

சொல்லிவிட்டுக் குனிந்தார். பொம்மையின் வாய்க்கு நாலு விரல் மேலே நிறுத்தி, உதட்டைக் குவித்து "ஃபூ" என்று ஊதினார். அடுப்பு ஊதுகிற மாதிரிதான். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் இது ரத்தத்தில் ஊறியது. சொம்புத் தண்ணீரை உதட்டில் வைத்துக் குடித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல், உதடு படாமல் ஊற்றிக் குடிக்கத் தெரிந்த பிறகுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். நாங்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள். கோயிலில் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் வாங்குவோம், வீட்டுக்கு வந்து ஒரே சொம்பில் வாய் வைக்க மாட்டோம். அந்தக் கூடத்தில் இருந்தவர்களும் தண்ணீர் குடிக்கிற மாதிரியே பொம்மைக்கு மூச்சுக் கொடுத்தார்கள்.

பொம்மையின் முகத்தில் போடுகிற பிளாஸ்டிக் உறை முந்தைய ஊரிலேயே தீர்ந்துபோயிருந்தது. கைக்குட்டையைப் போட்டுச் செய்யச் சொன்னேன். அதற்கும் யாரும் அசையவில்லை. மணி நாலரை. ஐந்து மணிக்கு பஸ். சான்றிதழ் கொடுத்து குரூப் போட்டோ எடுக்க வேண்டும். நான் பொறுமைசாலி இல்லை என்பதை என் பிள்ளைகளே சொல்லுவார்கள். "சரி சரி, பண்ற மாதிரி காட்டுங்க, போதும்" என்று சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்தார்கள். கை வைக்கிற இடம் பிரமாதம். எண்ணிக்கை பிரமாதம். தாடையைத் தூக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். எல்லாரும் நாலு விரல் மேலே நிறுத்தி ஊதினார்கள். பொம்மையின் நெஞ்சு ஒரு முறைகூட எழும்பவில்லை. உள்ளே இருக்கிற பை கிழிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவத்தில் 'நெஞ்சு எழும்பியதா' என்று ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், செய்து காட்டியபோது நானும் வாய் வைக்கவில்லை.

4. பாம்பு

அந்த ஊர் எங்கள் நிறுவனத்தின் முன்மாதிரி ஊராக ஆனது. இரண்டு மாதத்தில் வரப்பில் ஒருவரைப் பாம்பு கடித்தது. வழக்கமாக மந்திரிக்கிறவர் வீட்டுக்குத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கலியபெருமாள் குறுக்கே நின்று, கட்டுப் போட விடாமல், கத்தி வைக்க விடாமல், நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆள் பிழைத்தார். கிராம சபையில் என்னை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். ரிப்போர்ட்டில் அது இரண்டு பக்கம் வந்தது.

அன்று கலியபெருமாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், தெனம் காலைல தலகாணிய வெச்சு அந்த அமுக்கறதப் பழகிட்டிருக்கேன். ஊதறதையும் விடல. கை மறந்துடக் கூடாதுல்ல?" எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் தினமும் எதைப் பழகுகிறார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

5. புதுத் தண்ணீர்

மேட்டூர் அணை திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேருகிற வாரம் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் நுழைவதைப் பார்க்க ஊரே போய் நிற்கும். அந்த வருடம் அதற்கு முந்தைய மாதம்தான் தூர் வாரியிருந்தார்கள். ஊரே மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கிய வேலை. இயந்திரம் வந்து மண்ணை அள்ளியதில் படித்துறைக்கு ஒட்டினாற்போல ஓர் ஆள் ஆழம் விழுந்திருந்தது. போன வருடம் முழங்கால் தண்ணீரில் நின்ற இடம்தானே என்று வினோதினி இறங்கியிருக்கிறாள்.

நாலைந்து நிமிடத்துக்குள் ஒருவர் குதித்து எடுத்துவிட்டார். இன்னொருவர் வழக்கப்படி பிள்ளையைத் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றப் போயிருக்கிறார். அதற்குள் கலியபெருமாள் வந்துவிட்டார்.

"யாரும் கிட்ட வராதீங்க! அதெல்லாம் பண்ணக் கூடாது! நான் படிச்சிருக்கேன்!"

ஊர் அவருக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கி நின்றது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிடம், அவர் கையை எடுக்காமல் செய்தார். எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தாராம்.

6. பாயின் மேல்

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். வினோதினியின் அப்பாவும் அம்மாவும் இருந்த நிலையை எழுத எனக்கு விருப்பமில்லை. கலியபெருமாள் வாசல் பந்தலில் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போடவில்லை. வாயை மூடிக்கொள்ள இடது கை மட்டும் பழக்கத்தில் எழுந்தது.

"மேடம், நான் சரியாத்தானே பண்ணேன்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே நகர்ந்து மண்டி போட்டார். வெறும் பாயில், பிள்ளை கிடப்பதாக வைத்துக்கொண்டு எனக்குச் செய்து காட்டினார். தலையைச் சாய்த்தார். தாடையைத் தூக்கினார். மூக்கைப் பிடித்தார். குனிந்தார். நாலு விரல் இடைவெளியில் நிறுத்தி, உதட்டைக் குவித்து ஊதினார்.

அது வேற்று ஆள் இல்லை. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தப் பிள்ளை கடித்துக் கொடுத்த முறுக்கைத் தின்றவர் அவர். எச்சில், தீட்டு, மேல், கீழ் எதுவும் அங்கே குறுக்கே நிற்கவில்லை. கை எதைப் பழகியதோ அதைச் செய்தது.

"நீங்க பண்ண வேண்டியதைப் பண்ணீங்க சார்," என்றேன். கோழைத்தனமான பதில். அதற்குள் துக்கத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அதையே சாக்காக வைத்து எழுந்துவிட்டேன்.

7. பஞ்சு

பஸ் நிறுத்தம் வரை அஞ்சலை என்னோடு நடந்து வந்தார். கொஞ்ச தூரம் போனோம். பிறகு, "டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது," என்றார்.

"சொல்லுங்க."

"அன்னிக்கி பொம்மை வாயை நான்தானே தொடச்சேன். பன்னெண்டு தடவை தொடச்சேன். அவங்கள்ல ஏழு பேரு வெத்தலை போடுறவங்க. என்னதான் துப்பிட்டு வந்தாலும் ஒதடு செவந்துதானே இருக்கும்? தொடச்ச பஞ்சு பன்னெண்டும் வெள்ளையாவே வந்திச்சு."

நான் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டதை இவரும் பார்த்திருக்கிறார்.

"ஒருத்தர் வாயும் படல டீச்சரம்மா. பொம்மை நெஞ்சு எழும்பவே இல்ல. நீங்க எழும்பணும்னு சொன்னீங்கள்ல, அதான் ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏன் அஞ்சலை அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் குற்றத்தில் கொஞ்சத்தை அவர் தலையில் இறக்கி வைக்கப் பார்த்தேன், வேறென்ன?

அவர் கோபப்படவில்லை. "என்னைத் தொடைக்கத்தானே சொன்னீங்க?" என்றார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து திருவையாறு வருவதற்குள் நன்றாக அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணாந்துதான் குடித்தேன். என் கையும் அப்படித்தானே பழகியிருக்கிறது.

8. ரிப்போர்ட்

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் மேனேஜர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார்.

"மேடம், தப்பா ட்ரெயின் பண்ணிட்டோம்னு நாமளே எழுதுனா ப்ராஜெக்ட்டே போயிடும். ஆம்புலன்ஸ் லேட்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சிடும்."

"ஆம்புலன்ஸ் லேட்டா வரல தம்பி. அந்த ரோட்டுல எவ்ளோ சீக்கிரம் வர முடியுமோ அவ்ளோ சீக்கிரம் வந்திருக்கு."

"நீங்க சரியா சொல்லிக் குடுத்திருந்தா மட்டும் கண்டிப்பா பொழைச்சிருக்குமா? டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

இல்லை. டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. பொழைச்சிருக்கலாம், பொழைக்காமயும் போயிருக்கலாம்," என்றார். இந்த 'லாம்' என்பதை நான் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூச்சு அவளுக்குக் கிடைக்கவில்லை. அதில் 'லாம்' ஏதும் இல்லை.

உள்ளபடியே எழுதினேன். பன்னிரண்டு டிக்கும் பொய் என்றும், போட்டவள் நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. நியாயமான மெமோ. அந்த ஒரு பொம்மையை வைத்து நான் பயிற்சி கொடுத்த மற்ற ஊர்களுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும் என்று முடிவானது. அதற்குப் புது உறைகளும் புதுப் பைகளும் வந்தன. பொம்மைக்குள் இருந்த பழைய பையைக் கழற்றிப் பார்த்தேன். கிழிசல் எதுவும் இல்லை.

ஆனால் ரிப்போர்ட் எழுதுவது சுலபம். கலியபெருமாள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் அவர் அதே நாலு விரல் இடைவெளியை ஊருக்கே சொல்லிக்கொடுப்பார். ஏற்கெனவே கிராம சபையில் இரண்டு தடவை செய்து காட்டியிருக்கிறார். சொன்னால் அந்த மனுஷர் தாங்குவாரா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர், "நீ போய்ச் சொல்லிட்டு வா கிரேஸ். இல்லன்னா நீ மனுஷியாவே இருக்க மாட்டே," என்றார்.

9. சொன்னேன்

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்து அதற்கடுத்த நாள் போனேன். அவர் வயல் மோட்டார் கொட்டகையில் தனியாக இருந்தார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"சார், அன்னிக்கி நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் சரியா பதில் சொல்லல."

அவர் மோட்டாரை நிறுத்தினார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அமுக்குனது எல்லாம் சரி. ஊதுனது உள்ள போகல சார். வாய் படாம ஊதுனா காத்து உள்ள போகாது. நான் அதைப் பாத்தும் போதும்னு சொன்னேன். நான்தான் தப்பாப் பழக்குனேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க வீட்டுப் புள்ள மேடம் அது. வாய் வெச்சிருப்பேன். எச்சி என்ன பெரிய எச்சி... என் உயிரையே ஊதிருப்பேன். ஏன் வெக்கலன்னு எனக்கே தெரியலியே."

"நீங்க வெக்க மாட்டேன்னு வெக்காம இல்ல சார். வெக்காமத்தான் நான் பழக்கியிருக்கேன்."

"அவங்க தலைகீழாத் தூக்குனாங்க. நான்தான் வேணாம்னேன். எல்லாரையும் தள்ளிவிட்டுட்டு நான்தான்..." அதற்குமேல் வரவில்லை. துண்டை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அங்கே யோக்கியதை இல்லை.

கடைசியில் துண்டை எடுக்காமலே, "போங்க மேடம். இனிமே இந்த ஊருக்கு வராதீங்க," என்றார்.

போனேன்.

10. மறுபடியும் அதே கூடம்

வராதீர்கள் என்று சொன்ன ஊருக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். போய்த்தான் ஆக வேண்டும். பழைய பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கலியபெருமாள் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தத் தடவை அஞ்சலையின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதியிருந்தேன். தர்மகர்த்தா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலையை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் பஞ்சு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார்.

புது உறையை எடுக்காமலே நான் எல்லார் முன்னாலும் மண்டி போட்டேன். இருபத்தெட்டு வருட வேலையில் அந்தப் பொம்மையின் வாயில் அன்றுதான் என் வாயை வைத்தேன். ரப்பர் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் குமட்டியது. ஊதினேன். நெஞ்சு எழும்பியது. கூடத்தில் ஒரு சின்ன முணுமுணுப்புக் கேட்டது. அவர்கள் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள்.

"அடுத்து யாரு?" என்றேன். யாரும் அசையவில்லை. அஞ்சலை எழுந்து வந்தார். பொம்மையின் வாயைத் துடைத்துவிட்டுக் குனிந்து ஊதினார். எனக்கு எழும்பியதைவிட நன்றாகவே எழும்பியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

"அடுத்து?"

இப்போது வந்த அமைதி முதலில் வந்தது மாதிரி இல்லை. அது என்ன என்று எனக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அஞ்சலைக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். என் வாய்க்கு அடுத்து வாய் வைக்கத் தயங்கியது எச்சிலுக்காக. இந்தத் தயக்கம் அவர் எந்தத் தெரு என்பதற்காக. அஞ்சலை புதுப் பஞ்சு எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கலியபெருமாள். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாரோ தெரியவில்லை. மூன்று மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். வாயில் வெற்றிலை இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. வெளித் தொட்டியருகே வெற்றிலையைத் துப்பிவிட்டு நேரே நடுக்கூடத்துக்கு வந்து மண்டி போட்டார்.

அஞ்சலை அவசரமாகப் பஞ்சை நீட்டிக்கொண்டு பொம்மையின் வாயைத் துடைக்கப் போனார்.

"இரும்மா," என்றார் கலியபெருமாள். "தண்ணிலேர்ந்து தூக்குற புள்ளைக்குத் தொடச்சிக்கிட்டா இருக்கப்போறோம்?"

விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

அவர் தலையைச் சாய்த்தார். தாடையைத் தூக்கினார். மூக்கைப் பிடித்தார். குனிந்தார். நாலு விரல் இடைவெளியில் ஒரு கணம் நின்றார். நின்றதை நான் பார்த்தேன். பிறகு வாயை முழுசாக வைத்து ஊதினார்.

நெஞ்சு எழும்பியது. விட்டார், இறங்கியது. மறுபடி ஊதினார், மறுபடி எழும்பியது. முப்பது அமுக்கு எண்ணி முடித்து அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே இருந்தார். கண்ணீர் பொம்மையின் முகத்தில் விழுந்தது. கடைசியில் அஞ்சலைதான், "போதுங்கய்யா, நல்லாப் போயிருச்சு," என்றார்.

அவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "போச்சா?" என்று அஞ்சலையைக் கேட்டார்.

"போச்சுங்கய்யா."

அதற்குப் பிறகு தர்மகர்த்தா எழுந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஜனங்கள் நாம் சொன்னதைச் செய்வதில்லை. நாம் எதைச் செய்யவிட்டுப் போதும் என்றோமோ அதைத்தான் செய்வார்கள். அது போதவில்லை என்பது அந்தக் கூடத்தில் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவரைச் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு நாம் தலைவர்களைத் தேடிக்கொண்டிருப்போம்.

அன்று கலியபெருமாள் எழுந்த பிறகு அஞ்சலை பொம்மையின் வாயைத் துடைத்தார். துடைத்த பஞ்சை விரித்து என்னிடம் காட்டினார். சிவந்திருந்தது. நான் படிவத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தேன். 'நெஞ்சு எழும்பியதா' என்ற கட்டத்தில் டிக் போட்டது அவர்தான்.